தனித்தனிப் பாகங்களைப் பேசவைப்பது: மென்பொருள் வடிவமைப்பில் புதிதாக இறங்குபவர்களுக்கு

ஒரே நிரலுக்குள் ஒரு ஃபங்ஷன் இன்னொன்றைக் கூப்பிட்டால் விடை வரும், இல்லாவிட்டால் பிழை வரும். அந்த இரண்டையும் பிரித்துத் தனித்தனி சர்வர்களில் ஓடவிட்டால் மூன்றாவதாக ஒன்று சேர்ந்துகொள்கிறது: எதுவுமே வராமல் போகலாம். கோரிக்கை போய்ச் சேரவே இல்லையா? போய்ச் சேர்ந்து, வேலையும் முடிந்து, பதில் மட்டும் வழியில் தொலைந்ததா? இல்லை, அந்தப் பக்கம் வேலை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதா? காத்திருப்பவருக்கு இந்த மூன்றும் ஒரே மாதிரிதான் தெரியும்.

சன் மைக்ரோசிஸ்டம்ஸில் வேலை பார்த்த எல். பீட்டர் டாய்ச் 1990களில் ஒரு பட்டியல் போட்டார். பல சர்வர்களில் பரவி ஓடும் அமைப்புகளைக் கட்டுபவர்கள் தங்களை அறியாமல் நம்பிவிடும் தவறான எண்ணங்கள் அவை. அதில் முதலாவது, "நெட்வொர்க் நம்பகமானது" என்பது. பாகங்களுக்கு இடையிலான தொடர்பை வடிவமைக்கும்போது பெரும்பகுதி உழைப்பு போக வேண்டிய இடம் இதுதான்: பதில் வராவிட்டால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே முடிவு செய்வது. எந்தக் கருவி, எந்த புரோட்டோகால் (பேச்சு விதிமுறை) என்ற கேள்வியெல்லாம் அதற்கு அப்புறம்.

ஒரு உதாரணத்தை வைத்துக்கொண்டு போவோம். நிகழ்ச்சிகளுக்கு டிக்கெட் முன்பதிவு செய்யும் அமைப்பு. முன்பதிவு, இருக்கை, கட்டணம், அறிவிப்பு என்று நான்கு பாகங்கள். ஒவ்வொன்றும் தனியாக ஓடுகிறது, தனியாகப் புதுப்பிக்கப்படுகிறது.

முதலில், எந்தத் தகவல் யாருடையது?

பெட்டிகளும் அம்புகளும் வரைவதற்கு முன் ஒரு சின்ன அட்டவணை எழுதுங்கள். இடப்பக்கம் தகவல், வலப்பக்கம் அதை மாற்றும் உரிமை உள்ள ஒரே ஒரு பாகம். இருக்கை காலியா இல்லையா என்பதை இருக்கைப் பாகம் மட்டுமே மாற்றலாம். பணம் வந்ததா என்பதைக் கட்டணப் பாகம் மட்டுமே சொல்லலாம். மற்றவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், நகல் வைத்துக்கொள்ளலாம், மாற்றக் கூடாது.

ஒரே டேபிளில் இரண்டு பாகங்கள் எழுதுகின்றன என்றால் அவை பிரிந்திருப்பது பெயரளவில்தான். ஒருவர் ஒரு நெடுவரிசையின் (column) பெயரை மாற்றினால் இன்னொருவர் விழுவார். அப்படி இரண்டு பேர் எழுத வேண்டிய கட்டாயம் வந்தால், அவற்றைச் சேர்த்து ஒரே பாகமாக்குவதே நல்லது. அதில் எந்தத் தோல்வியும் இல்லை.

பிரிப்பதற்கு ஒரு விலை உண்டு, அதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு பாகமும் 99.9 சதவீதம் நேரம் வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதாவது வருடத்துக்கு சுமார் 8.8 மணி நேரம் மட்டும் நிற்கும். ஒரு கோரிக்கை முடிய இப்படி ஐந்து பாகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பதில் சொல்ல வேண்டும் என்றால், மொத்தத்தில் கிடைப்பது 99.5 சதவீதம்தான். வருடத்துக்கு 43 மணி நேரத்துக்கு மேல் போய்விடும். தனித்தனியாக எல்லாம் நன்றாக இருந்தும் கூட்டாகப் பார்த்தால் மோசம். அதனால், காத்திருக்கும் சங்கிலியின் நீளத்தைக் குறைப்பதுதான் அடுத்த படியின் நோக்கம்.

கேள்வியா, கட்டளையா, நடந்ததைச் சொல்வதா?

இரண்டு பாகங்களுக்கு நடுவே போகும் ஒவ்வொரு மெசேஜும் இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். "இந்த நிகழ்ச்சிக்கு எந்த இருக்கைகள் காலி?" என்பது கேள்வி, விடை இல்லாமல் மேலே போக முடியாது. "இந்த இருக்கையைப் பிடித்து வை" என்பது கட்டளை, அதைச் செய்ய ஒருவர்தான் உண்டு, அவர் மறுக்கவும் செய்யலாம். "முன்பதிவு உறுதியானது" என்பது நடந்து முடிந்த செய்தி. அதை யாரும் மறுக்க முடியாது, யார் யார் கேட்கிறார்கள் என்று அனுப்புபவருக்குத் தெரிய வேண்டியதும் இல்லை.

பெயர் வைக்கும்போதே இந்த வேறுபாடு தெரிய வேண்டும். கட்டளைக்கு ஏவல் வினை, நடந்த செய்திக்கு இறந்தகாலம். "மின்னஞ்சல் அனுப்ப வேண்டும்" என்று ஒரு செய்தி உங்கள் வரைபடத்தில் இருந்தால் அது செய்தி வேடத்தில் வந்த கட்டளை. அதை "முன்பதிவு உறுதியானது" என்று மாற்றிவிட்டு, மின்னஞ்சலா குறுஞ்செய்தியா என்பதை அறிவிப்புப் பாகமே முடிவு செய்ய விடுங்கள். நாளைக்குப் புள்ளிவிவரங்கள் சேகரிக்க ஒரு ஐந்தாவது பாகம் வந்தால், முன்பதிவுப் பாகத்தைத் தொடாமலே அதுவும் இதே செய்தியைக் கேட்கத் தொடங்கலாம்.

கேள்விகளுக்கு நேரடி அழைப்பு போதும். நடந்த செய்திகளை கியூ வழியாக, அதாவது மெசேஜ்களை வாங்கி வரிசையில் வைத்திருந்து கொடுக்கும் ஒரு இடைநிலை வழியாக, அனுப்புங்கள். கட்டளைகளில்தான் யோசிக்க வேண்டும்: பயனர் திரையைப் பார்த்துக்கொண்டே காத்திருக்கிறாரா? அவருக்கு முடிவு உடனே தேவையா, "வாங்கிக்கொண்டோம்" என்றால் போதுமா? இரண்டாவதுதான் என்றால், இணையத்தில் கோரிக்கையும் பதிலும் போகும் புரோட்டோகாலான எச்டிடிபியில் அதற்கென்றே 202 என்ற பதில் இருக்கிறது. கோரிக்கையை ஏற்றுக்கொண்டோம், வேலை இன்னும் முடியவில்லை என்று அதற்குப் பொருள். கூடவே நிலையைப் பார்க்க ஒரு முகவரியையும் கொடுத்துவிடுங்கள்.

ஒப்பந்தத்தை எழுதி வையுங்கள்

இரண்டு பாகங்கள் ஒன்றுக்கொன்று என்ன அனுப்பும், எந்த வடிவில், எந்த அலகில் என்ற உடன்பாட்டைத்தான் ஒப்பந்தம் என்கிறோம். 1999 செப்டம்பர் 23 அன்று நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் செவ்வாயை நெருங்கும்போது தொலைந்துபோனது. தரையில் ஓடிய ஒரு மென்பொருள் உந்துவிசைக் கணக்கை பவுண்டு-விசை விநாடிகளில் கொடுத்தது. அதை வாங்கிய இன்னொரு மென்பொருள் நியூட்டன்-விநாடிகள் என்று எடுத்துக்கொண்டது. ஒன்றுக்கு ஒன்று சுமார் 4.45 மடங்கு வித்தியாசம். இரண்டு மென்பொருளுக்கும் நடுவே போனது வெறும் எண், அலகு அந்த எண்ணோடு பயணிக்கவில்லை. ஒப்பந்தம் என்ற ஆவணத்தில் அலகு இருந்தும் ஒரு பக்கம் அதைப் பின்பற்றவில்லை. ஆகவே எழுதி வைத்தால் மட்டும் போதாது, இரு பக்கமும் தானாகவே சரிபார்க்க வேண்டும்.

நம் டிக்கெட் அமைப்பில் இதே வகைப் பொறிகள் நிறைய இருக்கின்றன. பணத்தைத் தசம எண்ணாக அனுப்பாதீர்கள். நாணயத்தின் மிகச்சிறிய அலகில் முழு எண்ணாகவும், கூடவே ஐஎஸ்ஓ 4217 தரும் மூன்றெழுத்து நாணயக் குறியீட்டையும் அனுப்புங்கள். எல்லா நாணயத்துக்கும் இரண்டு தசம இடம் என்று நினைத்துவிட வேண்டாம்: ஜப்பானிய யென்னுக்குத் தசமமே கிடையாது, குவைத் தினாருக்கு மூன்று இடங்கள். நடந்து முடிந்த நேரங்களை யூடிசியில் (உலகப் பொது நேரம்) அனுப்புங்கள். ஆனால் எதிர்காலத்தில் நடக்கப்போகும் நிகழ்ச்சியின் தொடக்க நேரத்தை உள்ளூர் நேரமாகவும் நேர மண்டலத்தின் பெயராகவும் வைப்பது பத்திரம், ஏனென்றால் அரசுகள் நேர விதிகளை இடையில் மாற்றுவது உண்டு. பாகங்கள் தகவலை எழுதி அனுப்பும் உரை வடிவமான ஜேசானில் பெரிய அடையாள எண்களைச் சரமாக, அதாவது எழுத்துகளாக, அனுப்புங்கள். ஜாவாஸ்கிரிப்ட் மொழி 9,007,199,254,740,991-க்கு மேல் முழு எண்களைத் துல்லியமாக வைத்துக்கொள்ளாது, கடைசி இலக்கங்கள் சத்தமில்லாமல் மாறிவிடும்.

ஒப்பந்தம் மாறத்தான் செய்யும். பாகங்கள் தனித்தனியாகப் புதுப்பிக்கப்படுவதால் பழைய பதிப்பும் புதிய பதிப்பும் கொஞ்ச நேரமாவது சேர்ந்து ஓடும். கியூவில் ஏற்கெனவே கிடக்கும் மெசேஜ்கள் பழைய வடிவத்திலேயே இருக்கும். அதனால் மெசேஜில் புதிய புலத்தை (ஒரு தகவலுக்கான இடம், field) சேர்க்கலாம், அது இல்லாவிட்டாலும் வேலை நடக்க வேண்டும். தெரியாத புலம் வந்தால் பொருட்படுத்தாமல் விட வேண்டும். ஒரு புலத்தின் பொருளை ஒருபோதும் மாற்றக் கூடாது, பொருள் மாறினால் புதுப் பெயர் கொடுங்கள். கூகிள் 2008-இல் வெளியிட்ட புரோட்டோகால் பஃபர்ஸ் என்ற தரவு வடிவத்தில் ஒவ்வொரு புலத்துக்கும் ஒரு எண் உண்டு. நீக்கிய புலத்தின் எண்ணை ஒதுக்கி வைத்து, மறுபடி யாரும் எடுக்காதபடி பூட்டும் வசதியும் அதில் இருக்கிறது. ஜேசான் பயன்படுத்தினாலும் இந்த ஒழுக்கத்தை நாமே கடைப்பிடிக்கலாம்.

இன்னும் ஒன்று, பலரும் விட்டுவிடுவது: நிலைகளின் பட்டியல். இன்றைக்குக் கட்டணத்துக்கு "வெற்றி", "தோல்வி" என்று இரண்டு நிலை. நாளைக்கு "பரிசீலனையில்" என்று மூன்றாவது வரும். வெற்றி இல்லாத எல்லாம் தோல்வி என்று எழுதிய பாகம் அன்றைக்குத் தவறான முடிவெடுக்கும். தெரியாத நிலை வந்தால் என்ன செய்வது என்பதும் ஒப்பந்தத்தில் ஒரு வரியாக இருக்கட்டும்.

எவ்வளவு நேரம் காத்திருப்பது?

டைம்அவுட் (காத்திருக்கும் நேரத்துக்கு ஒரு வரம்பு) இல்லாத அழைப்பு ஒன்றுகூட இருக்கக் கூடாது. காரணத்தை எண்ணிலேயே பார்க்கலாம். ஜான் லிட்டில் 1961-இல் நிறுவிய எளிய விதி: ஒரு அமைப்புக்குள் சராசரியாக இருக்கும் கோரிக்கைகள் எத்தனை என்றால், வரும் வேகத்தை ஒவ்வொன்றும் உள்ளே தங்கும் நேரத்தால் பெருக்க வேண்டும். நொடிக்கு 50 கோரிக்கைகள், ஒவ்வொன்றுக்கும் 200 மில்லிநொடி என்றால் எப்போதும் 10 கோரிக்கைகள் உள்ளே இருக்கும். கட்டணப் பாகம் மந்தமாகி ஒவ்வொன்றும் 4 நொடி எடுத்தால் 200 ஆகிவிடும். உங்களிடம் ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையைக் கவனிக்கும் த்ரெட்கள் 100தான் இருக்கின்றன என்றால், கட்டணத்துக்குச் சம்பந்தமே இல்லாத பக்கங்களும் சேர்ந்து நின்றுபோகும். முழுதாக விழுந்த பாகத்தைவிட மெதுவாக ஓடும் பாகம் அதிக நாசம் செய்வது இப்படித்தான்.

வெளியே இருப்பவர் எவ்வளவு நேரம் பொறுப்பாரோ அதிலிருந்து தொடங்கி உள்நோக்கி வாருங்கள். பயனருக்கு 3 நொடி என்றால் உள்ளே இருக்கும் அழைப்புக்கு 10 நொடி கொடுப்பதில் பயனில்லை. கேட்டவர் போன பிறகும் வேலை நடந்துகொண்டிருக்கும். மீதி நேரம் எவ்வளவு என்பதையும் கோரிக்கையோடு சேர்த்து அனுப்பினால் உள்ளே இருக்கும் பாகங்கள் வீண் வேலையை நிறுத்திவிடும். பாகங்கள் ஒன்றையொன்று அழைக்க உதவும் ஜிஆர்பிசி இதற்கு வழி செய்து வைத்திருக்கிறது.

திரும்ப முயல்வதில் நிதானம் வேண்டும். மூன்று அடுக்குகள், ஒவ்வொன்றும் மூன்று முறை முயல்கிறது என்றால் கடைசியில் இருக்கும் பாகத்துக்கு ஒரே கோரிக்கை 27 முறை போகும், அதுவும் அது ஏற்கெனவே தள்ளாடும் நேரத்தில். எனவே ஒரே ஒரு அடுக்கு மட்டும் முயலட்டும். ஒவ்வொரு முயற்சிக்கும் இடையே இடைவெளியை இரட்டிப்பாக்குங்கள், அதில் கொஞ்சம் தற்செயலான கூட்டல் கழித்தலும் இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒரே நொடியில் தோற்ற ஆயிரம் பேரும் ஒரே நொடியில் திரும்ப வந்து மோதுவார்கள். எச்டிடிபியில் 503 (இப்போது முடியவில்லை) வந்தால் முயலலாம், 429 (கோரிக்கைகள் அதிகம்) வந்தால் அது சொல்லும் நேரம் வரை பொறுக்கலாம். 400 (கோரிக்கையே தவறு) வந்தால் எத்தனை தடவை அனுப்பினாலும் அதே பதில்தான், நிறுத்திவிடுங்கள்.

இரண்டு முறை வந்தாலும் ஒரு முறை நடந்ததாக

முழு வடிவமைப்பும் நிற்பது இந்தப் படியில்தான். மற்றவற்றைக் குறைவாகச் செய்தாலும் இதை ஒழுங்காகச் செய்யுங்கள். திரும்ப முயல்கிறோம் என்றால், வேலை முடிந்து பதில் மட்டும் தொலைந்த கோரிக்கையும் திரும்பப் போகும். "பணத்தை எடு" என்பது இரண்டு முறை போனால்?

எச்டிடிபியில் கெட் (படி), புட் (இப்படி வை), டிலீட் (அழி) மூன்றும் திரும்பச் செய்தாலும் அதே விளைவைத் தர வேண்டியவை. புதிதாக ஒன்றைச் செய்யச் சொல்லும் போஸ்ட்டுக்கு அந்த உறுதி கிடையாது. அதற்கு நாமே ஒரு சாவி கொடுக்க வேண்டும். கேட்கும் பாகம் முதல் முயற்சிக்கு முன்பே தற்செயலான ஒரு அடையாளத்தை (மறுபடி வராத யூயூஐடி போதும்) உருவாக்கி, தன் டேட்டாபேஸில் எழுதிவிட வேண்டும். பிறகு எத்தனை முறை முயன்றாலும் அதே சாவி. ஒவ்வொரு முயற்சிக்கும் புதுச் சாவி உருவாக்கினால் எல்லாம் வீண்.

வாங்கும் பாகம் அந்தச் சாவியையும் வேலையின் முடிவையும் ஒரே டிரான்ஸாக்‌ஷனில் எழுத வேண்டும். அப்போது இரண்டும் சேர்ந்தே பதிவாகும், இல்லாவிட்டால் எதுவுமே பதிவாகாது. சாவி இருக்கும் நெடுவரிசைக்கு, ஒரே மதிப்பு இரண்டு முறை வராதபடி தடுக்கும் யூனிக் கட்டுப்பாடு வையுங்கள். "முதலில் தேடிப் பார், இல்லையென்றால் எழுது" என்று இரண்டு படியாகச் செய்தால், ஒரே நேரத்தில் வரும் இரண்டு கோரிக்கைகளும் "இல்லை" என்ற விடையைப் பெற்று இரண்டுமே எழுதிவிடும். அதே சாவியோடு வேறு தொகை வந்தால் பிழை என்று திருப்பி அனுப்புங்கள், அது கேட்பவரின் நிரலில் இருக்கும் கோளாறு. சாவிகளை எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள் என்பதையும் ஒப்பந்தத்தில் சொல்லிவிடுங்கள்.

டேட்டாபேஸும் கியூவும் ஒத்துப்போக

முன்பதிவை டேட்டாபேஸில் உறுதி செய்துவிட்டு, "முன்பதிவு உறுதியானது" என்று கியூவுக்கு அனுப்புகிறீர்கள். இரண்டுக்கும் நடுவே சர்வர் விழுந்தால்? முன்பதிவு உண்டு, செய்தி இல்லை. வரிசையை மாற்றினால் செய்தி போயிருக்கும், முன்பதிவு இருக்காது. அது இன்னும் மோசம்.

இதற்குத் தீர்வு அவுட்பாக்ஸ் எனப்படும் ஒரு டேபிள். முன்பதிவை எழுதும் அதே டிரான்ஸாக்‌ஷனில் அனுப்ப வேண்டிய செய்தியையும் இந்த டேபிளில் எழுதுங்கள். தனியாக ஓடும் ஒரு சிறு நிரல் அதைப் படித்து, கியூவுக்கு அனுப்பி, அனுப்பியாயிற்று என்று குறித்துக்கொள்ளும். அனுப்பிய பிறகு, குறிப்பதற்கு முன் அது விழுந்தால் ஒரே செய்தி இரண்டு முறை போகும். போகட்டும். வாங்கும் பாகம் செய்தியின் அடையாளத்தை வைத்து இரண்டாவதை ஒதுக்கிவிடும், முந்தைய படியில் அதற்குத்தான் ஏற்பாடு செய்தோம். மின்னஞ்சல் மாதிரி வெளியே போய்விடும் வேலைகளில் இது முழுக்கப் பலிக்காது. அங்கே எது பரவாயில்லை என்று தேர்ந்தெடுக்க வேண்டும். டிக்கெட் மின்னஞ்சல் வராமல் போவதைவிட எப்போதாவது இரண்டு வருவது மேல் என்பது என் முடிவு.

வரிசை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. செய்திகளைப் பல பார்ட்டிஷன்களாக, அதாவது பிரிவுகளாக, வைக்கும் காஃப்கா என்ற கருவியில் ஒரே பார்ட்டிஷனுக்குள் மட்டும்தான் வரிசை உறுதி. ஒரு முன்பதிவைப் பற்றிய எல்லாச் செய்திகளுக்கும் முன்பதிவு எண்ணையே பார்ட்டிஷன் சாவியாக வைத்தால் அவை ஒரே பார்ட்டிஷனில் சேரும். அதோடு ஒவ்வொரு செய்தியிலும் ஏறிக்கொண்டே போகும் ஒரு பதிப்பு எண்ணும் இருக்கட்டும், பழையது தாமதமாக வந்தால் கண்டுபிடித்துவிடலாம். வெவ்வேறு சர்வர்களின் கடிகார நேரத்தை ஒப்பிட்டு எது முந்தியது என்று முடிவு செய்ய வேண்டாம்.

பாதியில் நின்ற வேலை

இப்போது முழு முன்பதிவையும் ஓட்டிப் பார்ப்போம். இருக்கையைப் பிடி, பணத்தை எடு, இருக்கையை உறுதி செய். இதில் முன்பதிவு, இருக்கை, கட்டணம் என்ற மூன்று பாகங்களின் மூன்று டேட்டாபேஸ்களும் மாறுகின்றன. இப்படி நீண்டுபோகும் வேலையைச் சிறு டிரான்ஸாக்‌ஷன்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஈடுசெய்யும் செயலை வைக்கும் முறையை ஹெக்டர் கார்சியா-மொலினாவும் கென்னத் சேலமும் 1987-இல் சாகா என்ற பெயரில் முன்வைத்தார்கள். பிடித்த இருக்கையை விடுவிப்பது, எடுத்த பணத்தைத் திருப்புவது என்பவை நம் ஈடுசெய்யும் செயல்கள்.

இருக்கையைப் பிடிப்பதற்குக் காலாவதி நேரம் வையுங்கள், முன்பதிவுப் பாகம் விழுந்துவிட்டாலும் இருக்கை தானாக விடுபட வேண்டும். சரி, பணம் எடுக்கும் கட்டளைக்குப் பதில் வரவில்லை. உடனே "தோல்வி" என்று பயனரிடம் சொல்லிவிடாதீர்கள், அது உங்களுக்கே தெரியாது. "சரிபார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்ற நிலையை டேட்டாபேஸிலும் திரையிலும் உண்மையான ஒரு நிலையாக வையுங்கள். பிடித்து வைத்த நேரத்தை நீட்டிவிட்டு, அதே சாவியை வைத்துக் கட்டணப் பாகத்திடம் என்ன ஆயிற்று என்று கேளுங்கள்.

"அப்படி ஒரு சாவியே இங்கே இல்லை" என்று பதில் வந்தால்? பணம் போகவில்லை என்று அவசரப்பட்டு இருக்கையை விட்டுவிட்டால், நெட்வொர்க்கில் எங்கோ தேங்கியிருந்த முதல் கோரிக்கை அதற்குப் பிறகு வந்து சேரலாம். அதனால் வெறுமனே கேட்பதைவிட "இந்தச் சாவியை ரத்து செய்" என்ற கட்டளை அனுப்புவது நல்லது. பணம் ஏற்கெனவே எடுத்தாயிற்று என்றால் கட்டணப் பாகம் அதைச் சொல்லும். எடுக்கவில்லை என்றால் அந்தச் சாவியை ரத்தானது என்று எழுதி வைத்துவிடும், தாமதமாக வரும் கோரிக்கை அதில் முட்டி நின்றுபோகும். இந்த ஒரு கட்டளையைத் தொடக்கத்திலேயே கட்டணப் பாகத்தின் ஏபிஐயில் (மற்ற பாகங்கள் அதை அழைக்கும் வழிகளில்) சேர்த்துவிடுங்கள். பின்னால் சேர்ப்பது மிகவும் கடினம்.

கருவியும் கண்காணிப்பும்

இவ்வளவும் தாளில் முடிந்த பிறகு கருவித் தேர்வு பெரிய சிக்கலாக இருக்காது. ஒரு வேலையை யாராவது ஒருவர் எடுத்துச் செய்து முடித்ததும் அது கியூவிலிருந்து போய்விட வேண்டும் என்றால் ராபிட்எம்கியூ வகைக் கியூ மென்பொருள் பொருந்தும். பலர் தங்கள் வேகத்தில் படிக்க வேண்டும், பழையதைத் திரும்பப் படிக்கவும் வேண்டும் என்றால் லிங்க்ட்இன்னில் உருவாகி 2011-இல் திறந்த மூலமான காஃப்கா பொருந்தும். அதில் செய்திகள் படித்த பிறகும் இருக்கும், மாற்றாவிட்டால் 7 நாட்கள். சிறிய அணி, குறைந்த போக்குவரத்து என்றால் டேட்டாபேஸில் ஒரு டேபிளையே கியூவாக வைத்துத் தொடங்கலாம், அதற்குத் தயங்க வேண்டாம்.

கியூ எதுவானாலும் நீளத்துக்கு ஒரு வரம்பு வையுங்கள். சில முறை முயன்றும் செயல்படுத்த முடியாத செய்தியைத் தனிக் கியூவுக்கு ஒதுக்குங்கள், இல்லாவிட்டால் ஒரு கெட்ட செய்தி பின்னால் நிற்கும் எல்லாவற்றையும் மறித்துவிடும். அந்தத் தனிக் கியூவை யார் பார்ப்பார் என்பதையும் பெயரோடு முடிவு செய்யுங்கள். கியூவில் எத்தனை கிடக்கிறது என்பதைவிட, மிகப் பழைய செய்தி எவ்வளவு நேரமாகக் கிடக்கிறது என்ற அளவு அதிகம் சொல்லும்.

பயனரின் ஒவ்வொரு கோரிக்கைக்கும் நுழைவாயிலிலேயே ஒரு அடையாளம் கொடுத்து, எல்லா அழைப்பிலும், எல்லாச் செய்தியிலும், எல்லா லாக் (நடந்ததைக் குறிக்கும் பதிவு) வரியிலும் அதைக் கொண்டுபோங்கள். ஓப்பன்டெலிமெட்ரி என்ற கண்காணிப்புக் கருவித்தொகுப்பு இதைப் பெரும்பாலும் தானாகச் செய்துதரும். இது இல்லாமல் நான்கு பாகங்களின் லாகுகளை ஒன்றுசேர்த்து ஒரு முன்பதிவின் கதையைப் படிக்க முடியாது.

கடைசியாகச் சோதனை. எல்லாம் சரியாக நடக்கும் வழியைச் சோதிப்பது எளிது, அதை எல்லோரும் செய்வார்கள். நீங்கள் இவற்றையும் தானியங்கிச் சோதனையில் சேர்த்துவிடுங்கள்: ஒவ்வொரு செய்தியையும் இரண்டு முறை கொடுங்கள், இரண்டு செய்திகளை வரிசை மாற்றிக் கொடுங்கள், வேலை முடிந்த பிறகு பதிலை மட்டும் தொலைத்துவிடுங்கள், டேட்டாபேஸுக்கும் கியூவுக்கும் நடுவே நிரலைக் கொல்லுங்கள். லினக்ஸில் டிசி கட்டளையோடு வரும் நெட்எம் மூலம் நெட்வொர்க்கில் தாமதத்தையும் இழப்பையும் வேண்டிய அளவு உருவாக்கலாம். ஒவ்வொன்றுக்கும் பிறகு மூன்று டேட்டாபேஸ்களையும் ஒப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: பணம் எடுத்த ஒவ்வொரு சாவிக்கும் ஒரு விற்ற இருக்கையோ திருப்பிய பணமோ இருக்கிறதா? இந்த ஒப்பீட்டை ஒரு நிரலாக எழுதி, அமைப்பு நேரலைக்குப் போன பிறகும் தினமும் ஓடவிடுங்கள்.